ஊர் எத்தனை அடுப்பு

ஆவிடையேந்தல் கண்மாய் மூன்று வருஷம் வெடித்துக் கிடந்துவிட்டு, நாலாம் வருஷம் ஐப்பசியில் விடாமல் கொட்டிய மழையில் கரை தொட நிறைந்தபோது, மடைக்குப் பக்கத்தில் நட்டிருந்த அளவுகல்லில் அடிக்கணக்கைக் காட்டும் கோடுகளெல்லாம் அழிந்துபோய், அந்த இடத்தில் 93,93,931 என்று ஓர் எண் இருந்தது. யாரும் செதுக்கியதில்லை, பெயிண்டால் எழுதியதுமில்லை. ஈரத் துணியால் துடைத்தால் இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அது குடக்கணக்கு என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அந்த ஊரில் தண்ணீரை வேறு எதைக்கொண்டும் அளந்ததில்லை. ஒரு குடம் மொண்டால் கடைசி இலக்கம் ஒன்று குறையும், மாடுகள் இறங்கிக் குடித்தால் நூறு இருநூறு குறையும், ஆனால் பொழுது விடிந்தால் தொண்ணூற்று மூன்று லட்சத்துத் தொண்ணூற்று மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று என்று எண் பழையபடி நிறைந்து நிற்கும்.

ஊருக்கு அது சட்டென்று பழகிவிட்டது. சொல்லிப் பார்த்தால் வாய்க்கு நன்றாக இருந்ததால், நாற்றுப் பாத்தியில் களை பிடுங்கிய பெண்கள் அதையே பாட்டாக இழுத்தார்கள், பிள்ளைகள் அதைச் சொல்லிக் கயிறு தாண்டினார்கள், கடனாகக் கொடுத்த மண்வெட்டியைத் திருப்பிக் கேட்டவனிடம் “தொண்ணூத்தி மூணு லச்சத்து மேல சத்தியமா உங்கிட்ட வாங்கவே இல்லடா” என்று ஒருவன் துணிந்து பொய்ச்சத்தியம் செய்தான். பொதுப்பணித் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்து கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, அரசு அளவுகல்லில் இப்படியெல்லாம் எழுதக் கூடாது என்று கண்டித்து, இளநீர் குடித்துவிட்டுப் போனார். டிவிக்காரர்கள் எடுத்த படத்தில் வெறும் அடிக்கோடுகள்தான் தெரிந்தன, அதற்காகவும் ஊர் வருத்தப்படவில்லை. நம்ம கண்மாய் நமக்குக் காட்டுது, அவனுக்கு எதுக்குக் காட்டணும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

தொல்லை வந்தது மடை திறந்த அன்றைக்கு. அந்த ஊரில் மடை திறக்க ஒரு முறை உண்டு. மடைக்காரர் குப்பாண்டி இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கரையைப் பார்த்து, “ஊர் எத்தனை அடுப்பு?” என்று கேட்பார். ஊர்த் தலைவரான அம்பலம் கரைமேல் நின்று எண்ணிக்கையைச் சொல்வார். அதைக் கேட்டுவிட்டுத்தான் குப்பாண்டி பலகையைத் தூக்குவார். எத்தனை அடுப்பு எரிகிறதோ அத்தனை தலைக்கட்டு, எத்தனை தலைக்கட்டோ அத்தனை பங்கு தண்ணீர், இதுதான் வழிவழியாக வந்த கணக்கு. அன்றைக்கும் குப்பாண்டி கேட்டார், செம்புலிங்கம் அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு “இருநூத்திப் பத்து” என்றார், பெண்கள் குலவையிட்டார்கள், பலகை மேலே வந்தது, தண்ணீர் வரவில்லை. மடை வாய் முழுக்கத் திறந்திருக்க, கண்மாய்த் தண்ணீர் அந்த வாய்க்கு உள்பக்கமாகச் செங்குத்தாக நின்றது. குப்பாண்டி கையை விட்டுப் பார்த்தார், கை நனைந்தது. ஒரு கெண்டைமீன் அந்த ஓரம்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

“கோவிச்சுக்கிட்டு நிக்குதுப்பு” என்றார் குப்பாண்டி.

எதற்குக் கோபம் என்று ஊர் ஆராய்ந்தது. கிடா வெட்டினார்கள், கரைக் கோயிலுக்குப் பொங்கல் வைத்தார்கள், தூரமாக இருந்த பெண்கள் யாரும் கரையேறினார்களா என்று வீடு வீடாகக் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். தண்ணீர் அசையவில்லை. கிணற்றை நம்பிப் பாவிய நாற்று வளர்ந்து நடவுக்கு நின்றது, கிணறு சேறாகிவிட்டது, நாற்றின் நுனி பழுக்கத் தொடங்கியது. கண் எதிரே கடல் மாதிரித் தண்ணீரை வைத்துக்கொண்டு நாற்றைச் சாகவிடுவது எந்த ஊருக்கும் வரக் கூடாத கேவலம் என்று சொல்லி, கடைசியில் சோலைமலை சாரிடம் வந்தார்கள்.

சோலைமலை டவுன் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். மனைவி இறந்துவிட்டாள், மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். தானே சமைத்துத் தானே சாப்பிடுகிற, அதிர்ந்து பேசாத, ஊர்க் கூட்டங்களில் ஓரமாக உட்கார்கிற மனிதர். “என்னான்னு பாருங்க சார், அந்த எண்ணுக்குள்ள என்னமோ இருக்கு” என்று அம்பலம் கேட்டபோது அவர் சரி என்றுகூடச் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். ஏனென்றால் அவருக்கு எண் வந்த முதல் நாளே தெரியும். அன்று சாயங்காலமே வீட்டுச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் போட்டுப் பார்த்திருந்தார். இரண்டால் வகுத்தால் ஒன்று மிஞ்சியது, மூன்றால் ஒன்று, ஐந்தால் ஒன்று, ஏழால் ஒன்று, பதினொன்றால் எட்டு, பதின்மூன்றால் மறுபடியும் ஒன்று, பதினேழால் மூன்று, இப்படியே பகா எண்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு சமையலறைவரை தரையில் தவழ்ந்துகொண்டே போனவருக்கு, இருநூற்றுப் பதினொன்றில் மிச்சமே இல்லாமல் வகுபட்டது. வந்த விடையை இருநூற்றுப் பதினொன்றால் வகுத்தார், வகுபட்டது. வந்தது இருநூற்றுப் பதினொன்று. அந்த எண் இருநூற்றுப் பதினொன்றை அதனாலேயே பெருக்கி, பெருக்கியதை இன்னொரு முறை அதனாலேயே பெருக்கிய எண். வேறு எந்தப் பகா எண்ணுக்கும் அதற்குள் இடம் கிடையாது. இருநூற்றுப் பத்துப் பேருக்குப் பங்கிட்டால் ஒரு குடம் மிஞ்சும். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பங்கிட்டால் ஒரு குடம் குறையும். இருநூற்றுப் பதினொரு பேருக்கென்றால் தலைக்கு நாற்பத்து நாலாயிரத்து ஐந்நூற்று இருபத்தொரு குடம், ஒரு சொட்டு மிச்சமில்லை. சோலைமலை ஈரத் துணி எடுத்துத் தரை முழுக்கத் துடைத்தார். துடைத்த பிறகும் எழுத்து தெரிகிற மாதிரி இருந்ததால் இன்னொரு முறை துடைத்தார்.

இருநூற்றுப் பதினோராவது அடுப்பு அவருடைய கூடப் பிறந்த தங்கை நாகவள்ளியின் அடுப்பு. கண்மாய் வறண்ட முதல் வருஷம், கோயில் மண்டபம் கட்டுவதற்காக ஊரே கூடிக் கண்மாய்க்குள் சவுடு மண் வெட்டி லாரி லாரியாக விற்றது. வெட்டிய பள்ளத்தில் ஒரு கோடைமழைத் தண்ணீர் தேங்கியது. வாத்து மேய்க்க வந்த அயலூர்க்காரர் ஒருவரின் சின்னப் பெண், பிரிந்து போன வாத்துக்குப் பின்னால் போய் அதில் விழுந்து செத்துப்போனாள். பிள்ளை கரையிலிருந்து வழுக்கி விழுந்தது என்று ஊர் ஒரே வாயாகச் சொன்னது. விசாரணைக்கு வந்தவர்களிடம் நாகவள்ளி ஒருத்திதான், “கரை வழுக்கலைங்க. நாங்க வெட்டுன பள்ளம்தான். நானும் ரெண்டு நாள் மண்ணு அள்ளுனேன்” என்று சொன்னாள். மண்டப வேலை நின்றுபோனது. ஊர் கூடி அவளைத் தலைக்கட்டிலிருந்து நீக்கியது. அவளோடு பேச்சு இல்லை, கடையில் சாமான் இல்லை, நல்லது கெட்டதுக்குச் சொல்லிவிடுவதில்லை, அவள் வயலுக்குப் போகும் வாய்க்காலில் ஒரு பாறாங்கல். நீக்குவதற்குச் சம்மதம் என்றவர்கள் கை தூக்கியபோது சோலைமலையின் கை மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் முந்தியே உயர்ந்தது. அண்ணன் என்பதால் எல்லோரும் தன்னையே பார்ப்பார்கள் என்கிற பயத்தில் உயர்ந்த கை அது. அதற்குப் பிறகு அவர் அவளுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோனதில்லை. எதிரே வந்தால் கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். இறக்கியதும் தன்மேலேயே அருவருப்பு வரும். மறுநாளும் அதையேதான் செய்வார்.

ஆகவே அம்பலத்திடம் பாதியைச் சொன்னார். “இருநூத்திப் பத்தால வகுத்தா ஒண்ணு மிஞ்சுது. அந்த ஒரு குடத்துக்குப் போக எடமில்லாம மொத்தமும் நிக்குது.”

“அந்த ஒரு குடம் யாருது சார்?” என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கே விளங்கியது, உடனே இருமத் தொடங்கிவிட்டார். சோலைமலை தரையைப் பார்த்தார். அம்பலம் வானத்தைப் பார்த்தார். அந்த ஒரு குடம் யாருடையது என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அந்த நொடியில் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து ஊரில் யாரும் நாகவள்ளியின் கீழக்கடைசி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கிழக்கே கட்டிய மாட்டைக்கூட அவிழ்த்து மேற்கே கட்டினார்கள். எண்ணைப் பாட்டாக இழுத்த பெண்கள் முப்பத்தொன்று என்று முடிக்கும் இடத்தில் குரலை விழுங்கினார்கள். பிள்ளைகள் கயிறு தாண்டினால் அதட்டி உள்ளே கூப்பிட்டார்கள். ஊருக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கமாக இருக்கிறது என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல அதைவிட வெட்கமாக இருந்தது.

இந்த இக்கட்டில் வழி கண்டுபிடித்தவர் அம்பலம். “ஒரு அடுப்பு கூடணும், அம்புட்டுத்தானே? எம் மகன் தனிக்குடித்தனம் போறான்” என்றார். தனிக்குடித்தனம் வேண்டும் என்று கல்யாணமான நாள் முதல் கேட்டு, மாமியாரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்த மருமகள் ரேணுகா, அதே மத்தியானத்தில் பாத்திர பண்டங்களை எடுத்துக்கொண்டு காலியாகக் கிடந்த பங்காளி வீட்டில் பால் காய்ச்சிவிட்டாள். ஊர் அவசரமாகக் கரையேறியது. குப்பாண்டி “ஊர் எத்தனை அடுப்பு?” என்று கேட்டார். “இருநூத்திப் பதினொண்ணு” என்று அம்பலம் கண்மாயின் அக்கரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார். தண்ணீர் மடை வாய்க்கு வெளியே ஒரு சாண் வந்தது. வந்து, எதையோ மோந்து பார்த்த மாதிரி நின்று, மறுபடியும் உள்ளே போய்விட்டது.

கரையில் எல்லோரும் சோலைமலையைப் பார்த்தார்கள். அவர் தண்ணீரைப் பார்த்தபடியே பேசினார். “வாய் சொல்ற கணக்கும் எரியிற அடுப்பும் ஒண்ணா இருக்கணும்னு அது பாக்குது. நாம சொன்னது இருநூத்திப் பதினொண்ணு. இப்ப எரியிறது இருநூத்திப் பன்னெண்டு. பன்னெண்டுன்னு உள்ளபடி சொன்னாலும் ஒரு குடம் கொறையும்.”

“அப்ப அம்பலத்தார் மகன் அடுப்பை அமத்திட்டு, மொதல்லயே எரிஞ்சதை எரியிதுன்னு சொல்லிட்டா...” என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாத் தலைகளும் திரும்பியதும் அந்தப் பெண்மணி, தான் வேறு எதையோ சொல்ல வந்ததாகச் சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “எங்க அடுப்பை எதுக்கு அமத்தணும்? நான் பால் காச்சியாச்சு” என்றாள் ரேணுகா, அவள் கவலை அவளுக்கு.

அம்பலம் சோலைமலைக்குப் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். “சார், படிச்சவுக நீங்க, நேராச் சொல்லுங்க. இப்ப எரியிறதுல ஒரு அடுப்பு அணைஞ்சா கணக்குச் சரியாப் போகுமா?”

சோலைமலைக்குக் கேள்வியின் மறுபாதி கேட்காமலே கேட்டது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாத்தியார் சொன்னால் நம்பியிருப்பார்கள். ஆனால் இத்தனை வருஷம் கணக்கில் பொய் சொல்லாமல் மற்ற எல்லாவற்றிலும் சொல்லிவிட்ட வாய், அன்றைக்கும் கணக்கில் உண்மையையே சொன்னது.

“போகும்.”

“அப்ப முடிஞ்சுச்சு” என்றார் அம்பலம். “கீழக்கடைசி வீட்டை இன்னிக்கே காலி பண்ணச் சொல்லுவோம். ஊருக்காகத்தானே? ஒரு ஆளுக்காக இருநூத்திப் பதினோரு வீட்டு நாத்து சாகணுமா?” நாற்று என்றதும் கூட்டத்துக்குத் தைரியம் வந்தது. ஊருக்காக என்று சொல்லிக்கொண்டால் அந்த ஊரில் எதையும் செய்துவிட முடியும். கடப்பாரை ஒன்று கைக்குக் கை மாறி முன்னால் போனது. யாரும் கத்தவில்லை, யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி வரிசையாகக் கரையிறங்கிக் கிழக்கே நடந்தார்கள்.

சோலைமலையும் அவர்களோடு நடந்தார். உண்மை அதுதான், முதலில் அவரும் அவர்களோடுதான் நடந்தார், வரிசையின் கடைசியில், கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு. மறுமுனையில் யாருமில்லை. யாருமில்லாத கைபேசிக்கு அவர் இரண்டு தடவை “ம், ம்” என்றும் சொன்னார். அந்த “ம்” தன் காதிலேயே விழுந்தபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. எந்த அடுப்பு என்று எண் சொல்லவில்லையே என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஓர் அடுப்பு அணைய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இருநூற்றுப் பன்னிரண்டில் எந்த ஒன்றை எடுத்தாலும் இருநூற்றுப் பதினொன்றுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த இந்தக் கழித்தலை ஊரில் ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை, கணக்கு வாத்தியாரும் போடவில்லை.

அவர் ஓடினார். ஐம்பத்தாறு வயது, வேட்டி தடுக்கியது, செருப்பு ஒன்று கழன்று போனது, பக்கத்துச் சந்தில் திரும்பித் தன் வீட்டுக் கதவைத் தள்ளினார். மத்தியானம் வடித்த சோறும் புளிக்குழம்பும் அடுப்பு மேல் இருந்தன. பாத்திரத்தை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் கேஸ் அடுப்பை அப்படியே தூக்கிக் கொல்லையில் கவிழ்த்தார். சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து தெருவில் நிறுத்தினார். மனைவி இருந்தபோது வெந்நீர் போட்ட மண் அடுப்பு கொல்லைச் சுவரோரம் இருந்தது, அதில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, ஊறின மண்ணைக் கையாலேயே பிசைந்து உடைத்தார். உடைக்கும்போது அழுதார். அடுப்புக்காக அழவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கூட்டத்தின் முன்வரிசை நாகவள்ளி வீட்டுப் படலைத் தொட்ட நேரத்தில், பின்னால் கண்மாய்ப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. யாரும் மறுபடி கேட்கவில்லை, யாரும் மறுபடி சொல்லவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் அம்பலம் கத்திச் சொன்ன பொய் இப்போது உண்மையாகியிருந்தது, தண்ணீருக்கு அது போதுமாக இருந்தது. மடை திறந்தது திறந்தபடி இருக்க, தண்ணீர் நுரையும் கெண்டையுமாகப் பாய்ந்து, பெரிய வாய்க்காலில் இறங்கி, கிளை வாய்க்கால்களில் தானாகவே பிரிந்து பிரிந்து போனது. மேற்கே, தெற்கே, அம்பலத்தின் வயலுக்கு, ரேணுகாவின் புதுப் பங்குக்கு, குப்பாண்டியின் கால்காணிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் அதே அளவு போனது. கீழக்கடைசி வாய்க்காலுக்கும் வந்தது. பாறாங்கல்லைத் தள்ளக்கூட இல்லை, மாடு வரப்பைத் தாண்டுவது மாதிரி மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கி, மூன்று வருஷமாக ஆவாரஞ்செடி முளைத்துக் கிடந்த நாகவள்ளியின் வயலில் பரவியது. சோலைமலையின் சின்ன வயலுக்கு ஒரு சொட்டும் போகவில்லை.

கடப்பாரை வைத்திருந்தவன் அதைக் காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். தண்ணீர் வந்ததற்கு எப்போதும் குலவையிடுவார்கள், அன்றைக்கு ஒரு குலவையும் எழவில்லை. அம்பலம் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் வயலில் ஏறிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்துவிட்டுத் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக வயலைப் பார்க்கிற சாக்கில் கலைந்தார்கள். சேறு பூசிய கையோடு எதிரே வந்த சோலைமலைக்கு எல்லோரும் வழிவிட்டார்கள், ஆனால் ஒருவரும் சார் என்று கூப்பிடவில்லை. தலைக்கட்டு இல்லாத ஆளை என்னவென்று கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

நாகவள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கூட்டம் வந்ததையும் பார்த்திருந்தாள், போனதையும் பார்த்திருந்தாள். அண்ணனின் கையைப் பார்த்தாள், ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள்.

“என்னாச்சு?” என்றாள்.

“அடுப்பை உடைச்சிட்டேன்.”

அவள் உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கையில் ஊற்றினாள். சேறு போகப் போகத் தண்ணீர் கேட்டது, மூன்று செம்பு ஆனது. பிறகு இலை போட்டாள். ஒருத்திக்கு வடித்த சோற்றை இரண்டாகப் பிரித்து, பெரிய பாதியை அவருக்கு வைத்து, ரசத்தை ஊற்றினாள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“வள்ளி...”

“எம் வயலுக்கும் தண்ணி வந்துருச்சே. அந்த எண்ணுல நான் இருக்கேன்னு உனக்கு எப்பத் தெரியும்ணே?”

அவர் பொய் சொல்லியிருக்கலாம். இது கணக்கு இல்லை.

“எழுத்து வந்த அன்னிக்கே.”

நாகவள்ளி ரசச் சட்டியை மூடி வைத்தாள். வெளியே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“நான் தெனமும் கரைக்குப் போயி அந்தக் கல்லைப் பாத்துட்டு வருவேன்” என்றாள். “எனக்கு வகுக்கத் தெரியாது. எங்கண்ணன் வகுத்துப் பாத்துருந்தா சொல்லிருக்கும், அதுக்கும் வெளங்கல போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

சோலைமலையின் தலை இலைக்கு மேல் இன்னும் தாழ்ந்தது. எழுந்து போய்விடலாம் போலிருந்தது, ஆனால் போவதற்கு அந்த ஊரில் அவருக்கு வேறு அடுப்பு இல்லை. அவள் தன் பங்கிலிருந்து இன்னொரு கரண்டிச் சோறு எடுத்து அவர் இலையில் வைத்தாள்.